எடை, டம்பல், ஓட்டம்: பந்திங் திடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங்கில் சனிக்கிழமை காலை திடலுக்கு உடற்பயிற்சிக்கு வருகிறவர்களும் சரி, வரலாமா என்று வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறவர்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்கிறது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பயிற்சி சொல்லிக்கொடுப்பவன். நோய், மருந்து என்று வரும் இடத்தில் உங்கள் கிளினிக்கில் சொல்வதுதான் முடிவு.

எங்கள் தாத்தா, அப்பா எல்லாம் ஜிம்முக்கா போனார்கள்? நமக்கு மட்டும் ஏன் இது?

போகவில்லை. விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நானூறு ஐநூறு பால் (ரப்பர்) மரம் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு வந்தவருக்கு ஜிம் எதற்கு? செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகும் அதே கதைதான். ஒரு குலை பத்துக் கிலோவும் இருக்கும், இருபத்தைந்து கிலோவும் இருக்கும். அதை நாள் முழுக்க அறுத்து, தூக்கி, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

இன்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் விமான நிலையத்தில் ஷிப்ட், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஷிப்ட், லாரி, ஜாகா (காவலாளி) வேலை என்று இருக்கிறார்கள். வேலை மாறிவிட்டது, தட்டில் விழும் சோற்றின் அளவு மாறவில்லை. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். சர்க்கரை நோய் மொத்தத்தில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஐம்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த தாத்தாக்களும் தோட்ட லயத்தில் நிறைய இருந்தார்கள். அளவு பார்த்து, ஓய்வு கொடுத்துச் செய்கிற வசதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

எடை குறைய ஓட வேண்டுமா, டம்பல் தூக்க வேண்டுமா?

எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால், ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ ஆள் 5 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 400 கலோரி. நல்லதுதான். ஓடி முடித்து மாமாக் கடையில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி, ஒரு தே தாரிக் (பால் தேநீர்) என்று முடித்தால் எழுநூறுக்கு மேல் உள்ளே போய்விடும். ரொட்டி ஒன்றே 300 வரும்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரம் மூன்று தடவை 5 கி.மீ. ஓடி, சாப்பாட்டில் ஒன்றுமே மாற்றாவிட்டால் ஒரு கிலோ கரைய ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஓடிய பசியில் கூடச் சாப்பிடாமல் இருந்தால்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் சேர்த்து இழக்கிறார்கள். இழந்த எடையில் கால் பங்கு வரை தசை வகையறாவாக இருக்கலாம். தசை போனால் பலம் போகும், விட்ட எடை திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும். எடைப் பயிற்சி தசையைக் காப்பாற்றும். ஓட்டமும் நடையும் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. என்னைக் கேட்டால் முதலில் எடைப் பயிற்சி, கூடவே நடை, ஒரு மாதம் கழித்து ஓட்டம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மூன்றாவது வாரம் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். விடவும் முடியாது, ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் எல்லாம் திரும்பி வந்துவிடும். அளவைக் குறையுங்கள். சுகாதார அமைச்சு சொல்கிற சூக்கு-சூக்கு-செப்பாரோ தட்டு எளிதானது: தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டில் இது அப்படியே தலைகீழ். முக்கால் தட்டு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி கோபிஸ். உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் பக்கம்.

சாப்பாட்டை விட வேகமாகக் கை வைக்கக்கூடிய இடம் குவளை. தே தாரிக்கில் ஊற்றும் டின் பால் ஒரு மேசைக்கரண்டியே 60 கலோரிக்கு வரும், கடையில் ஒரு கரண்டியோடு யாரும் நிறுத்துவதில்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிக்கிறவர் அதை தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆக்கினாலே நாளைக்கு 400 கலோரி வரை மிச்சம். முதல் வாரம் மருந்து மாதிரிதான் இருக்கும். 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று ஆரம்பித்து இறங்கி வாருங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அது பெரும்பாலும் தண்ணீர், உடனே பேஸ்புக்கில் போட வேண்டாம்.

புரோட்டின் பவுடர் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எடைப் பயிற்சி செய்கிறவர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் எடுத்தால் தாராளம். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 110 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கெம்போங் மீனிலும் தெம்பேயிலும் (புளிக்கவைத்த சோயா) 20-ஐ ஒட்டி வரும், வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் 30. பாசாரில் கெம்போங்கும் தெம்பேயும் விற்கிற ஊரில் இருந்துகொண்டு பவுடர் டப்பாவுக்கு இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க எனக்கு மனசு வராது. சைவக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் திட்டம் வேண்டும்: பருப்பு, தவு (டோஃபு), தெம்பே, தயிர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பவுடர் ஒரு வசதி. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எனக்கு எடை 68 கிலோதான், தொப்பை மட்டும் இருக்கிறது. வயிற்றுக்குத் தனிப் பயிற்சி உண்டா?

இல்லை. வயிற்றுக்கு ஆயிரம் கிரன்ச் போட்டாலும் அங்கே இருக்கிற கொழுப்பு மட்டும் கரையாது, உள்ளிருக்கும் தசைதான் பலமாகும். கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று உடம்பு தானாக முடிவு செய்யும்.

கை கால் மெலிந்து, வயிறு மட்டும் தள்ளி நிற்பது தெற்காசியர்களிடம் அதிகம். ஒரே உயரம், ஒரே எடையுள்ள வெள்ளைக்காரரை விட நம் உடம்பில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும், அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள்ளே உறுப்புகளைச் சுற்றித் தங்கும். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23-லேயே அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். தராசை விட அளவு நாடாவை நம்புங்கள். தொப்புளை ஒட்டிச் சுற்றி அளந்தால் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. வயிற்றை எக்கிப் பிடிக்காமல் அளக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, திடலில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜிம்முக்குப் போகக் காசும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டில் எப்படிச் செய்வது?

வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது, சுமந்து நடப்பது. இவை இருந்தால் உடம்பில் பெரிய தசை எதுவும் விடுபடாது.

உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட், நம் ஆட்கள் பஸ்கி என்பார்கள். பின்னால் ஒரு நாற்காலி போட்டு, பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்து, பிட்டம் நாற்காலியைத் தொட்டதும் எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் பத்துக் கிலோ.

தள்ளுவதற்குத் தண்டால். தரையில் முடியாதவர்கள் சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து தொடங்கலாம். பலம் வர வர மேடையிலிருந்து பெஞ்சுக்கு, பெஞ்சிலிருந்து படிக்கட்டுக்கு, கடைசியில் தரைக்கு.

இழுப்பதற்குப் பிள்ளையின் பள்ளிப் பை போதும், அதன் கனம் உங்களுக்கே தெரியும். ஒரு கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். தாமானில் விளையாட்டுக் கம்பி இருந்தால் அதில் தொங்கிப் பழகுவது இன்னும் நல்லது.

குனிந்து தூக்குவதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, பிட்டத்தைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். முதுகு பலகையாக நேராக இருக்கட்டும். தொட முடிந்ததா? அரைச் சாண் முன்னே நகர்ந்து திரும்பச் செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கிற இடம் வரும்போது சரியான அசைவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இனி அதே அசைவில், கால்களுக்கு நடுவே வைத்த தண்ணீர் வாளியைத் தூக்குங்கள். பத்து லிட்டர் தண்ணீர் பத்துக் கிலோ. வாளி காலை ஒட்டியே மேலே வர வேண்டும், தள்ளிப் போனால் இடுப்பு பிடிக்கும். இது படிந்துவிட்டால் கேஸ் தோம்பு நகர்த்தும்போதும் இடுப்பு உங்களைத் திட்டாது.

கடைசியாக, கைக்கொரு வாளியோடு வீட்டு முன்னால் நடங்கள். தோள் தொங்கக் கூடாது.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்கிற நிலையில் நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டாமல் வருஷம் முழுக்க அதே இரண்டு கிலோ டம்பலை ஆட்டிக்கொண்டிருப்பவருக்கு உடம்பு மாறாது. மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும். அது சகஜம், நடந்தால் குறையும். மூட்டுக்குள்ளே சுருக்கென்று குத்தினால் சகஜமில்லை, அந்த அசைவை நிறுத்துங்கள்.

டம்பல் தூக்கினால் பெண்களுக்கு ஆம்பளை மாதிரி கை வந்துவிடாதா?

வராது அக்கா. அப்படித் தசை பெருக்கத் தேவைப்படும் டெஸ்டோஸ்டெரோன் ஆண்களுக்குப் பெண்களைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது, அவர்களுக்கே வருஷக் கணக்கில் ஆகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும், அதைத் தாமதப்படுத்தும் சில வழிகளில் பாரம் தூக்குவதும் ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்கிற வீட்டுப் பெரியவர்களிடம் எம். ராஜாமணியைப் பற்றிச் சொல்லுங்கள். பேராக் தாப்பாவில் பிறந்தவர், 1966-இல் நாட்டின் தேசிய விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் வாங்கியவர்.

எனக்கு 58 வயது, முழங்கால் வலி. இனி முடியுமா?

முடியும். தேய்மானம் உள்ள முழங்காலுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்துவதைத்தான் பிசியோதெரபியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். தேவையென்றால் கையால் பிடித்துக்கொள்ளலாம். ஓட்டம் வேண்டியதில்லை, நடை போதும்.

நடையை இளப்பமாக நினைக்கிறவர்களுக்கு: 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் நமக்குத் தங்கம் வாங்கித் தந்தது 50 கிலோமீட்டர் நடையில்தான்.

ஓடவே தெரியாது. எப்படித் தொடங்குவது?

மெதுவாக. நீங்கள் நினைக்கிற மெதுவை விட இன்னும் மெதுவாக. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லாக வந்தால் வேகம் அதிகம்.

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். அடுத்த வாரங்களில் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் 5 கி.மீ. நிற்காமல் வந்துவிடும். நுரையீரல் சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் தாமதமாகத்தான் பழகும். ஒரு மாதத்தில் 'நன்றாக ஓட முடிகிறதே' என்று தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள் கணுக்காலில் வாங்கிக் கட்டிக்கொள்வது இதனால்தான்.

காலை ஏழு மணிக்கு முன் அல்லது மாலை ஆறரைக்குப் பின் ஓடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் ஐரோப்பாக்காரர் வீடியோவில் சொல்கிற வேகத்தை இங்கே எட்ட முடியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தலை சுற்றி, குழப்பம் வந்து, வாந்தி வந்தால் உடனே நிழல், தலையிலும் உடம்பிலும் தண்ணீர். தெளியாவிட்டால் அவசர உதவிக்கு 999.

எந்தச் சப்பாத்து? அடிடாஸ் கம்போங் சரியாக வருமா?

பால் மரம் வெட்டுகிறவர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைப்பது, சேற்று மலைப்பாதைக்கு அருமை. அடியில் முள் மாதிரி இருக்கும், வழுக்காது, தண்ணீரில் கழுவிக் காயப் போட்டால் முடிந்தது. தார் சாலைக்கு வேண்டாம். மெத்தை கிடையாது, காற்றும் போகாது, வெறுங்காலில் போட்டால் கொப்புளம் நிச்சயம். தார் சாலைக்கு ஓட்டச் சப்பாத்தே வாங்குங்கள், போன வருஷ மாடல் தள்ளுபடியில் வரும்போது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் கட்டை இடம் இருக்கட்டும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

தோட்டத்துக்குள்ளே ஓடலாமா? நாய், பாம்பு என்கிறார்களே?

செம்பனைக்கு நடுவே போகிற மண் சாலை முழங்காலுக்கு இதம், நிழலும் உண்டு. ஆனால் தோட்டம் தனியார் இடம். வாசலில் இருக்கிற ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நிர்வாகம் கூடாது என்றால் கூடாதுதான். குலை அறுக்கிற வரிசைக்குள் நுழையவே நுழையாதீர்கள், மேலிருந்து விழுவது இருபது கிலோ. குலை ஏற்றிய லாரி வந்தால் நின்று வழி விடுங்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடும் இடம் இல்லை இது.

பாம்பு வருவது எலிக்காக. தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருப்பார்களே, அதுவும் எலிக்காகத்தான். சாலையின் நடுவில் ஓடுங்கள், காய்ந்த மட்டை அடுக்கியிருக்கும் பக்கம் கால் வைக்காதீர்கள். மழை முடிந்து தேங்கி நிற்கும் தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கு வழி. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முகம் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடினால் அதற்கு விளையாட்டு. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே கிளினிக்.

பெண்கள் தனியாகத் தோட்டத்துக்குள் ஓடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆண்களையும் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். ஏற்றம் வேண்டும் என்றால் புக்கிட் ஜுக்ரா இருக்கிறது, மேலே கலங்கரை விளக்கம் வரை தார் சாலை. முதல் தடவை நடந்து ஏறுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. தரை மட்டமாக வேண்டும் என்றால் மோரிப் கடற்கரை.

புகைமூட்ட நாட்களில்?

ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். பந்திங்கிலேயே அளவு நிலையம் இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது என்று அர்த்தம், ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் எடைப் பயிற்சி. ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கு முன்பே நிறுத்துங்கள். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தது மறந்திருக்காது.

வாரம் ஒரு நாள் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆடுகிறேன், போதாதா?

பூப்பந்து நல்லதுதான். சீடேக் சகோதரர்கள் பிறந்த பந்திங்கில் இருந்துகொண்டு நான் வேறு மாதிரி சொல்ல முடியாது. ரசிப்பும் ஜலானியும் 1992 பார்சிலோனாவில் வாங்கிய வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆனால் அவர்கள் வாரம் ஒரு நாள் ஆடவில்லை.

ஆறு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழாவது நாள் இரண்டு மணி நேரம் பாய்ந்து பாய்ந்து ஆடுகிற நாற்பது வயதுக்காரர்களின் குதிகால் தசைநார்தான் அறுகிறது. படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை வாரம் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து பதினொரு மணிக்குச் சாப்பிடும் மீ கோரேங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். பயிற்சி செய்யலாமா?

செய்ய வேண்டும். தசை வேலை செய்யும்போது இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே அளவு அவ்வளவாக ஏறாது. தொடங்கும் முன் உங்கள் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்கள், அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மெட்போர்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள், 5-க்குக் கீழே (mmol/L கணக்கில்) இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து 4-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். எடை குறையக் குறைய அளவை மாற்ற வேண்டி வரலாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சர்க்கரைக்காரருக்குச் சப்பாத்துக் கடி சின்ன விஷயம் இல்லை. நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், 999.

பன்னிரண்டு மணி நேர ஜாகா வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எனக்கு எந்தத் திட்டமும் ஒத்துவராது.

உண்மைதான், மற்றவர்களுக்கான அட்டவணை உங்களுக்கு ஒத்துவராது. பகல் வாரத்தில் இரண்டு எடைப் பயிற்சியை முடித்துவிடுங்கள். இரவு வாரத்தில் ஒன்று போதும், அதுவும் தூங்கி எழுந்த பிறகு, வேலைக்குக் கிளம்பும் முன். இரவு முடித்து வந்த காலையில் பாரம் தூக்க வேண்டாம், தூக்கம்தான் முதல் வேலை. ஜன்னலுக்குக் கனத்த துணி, கைப்பேசி வேறு அறையில். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பு இழுக்கும்.

வேலையிடத்திலும் வழி உண்டு. ரோந்து சுற்றுவதை மோட்டாரில் போகாமல் முடிந்த மட்டும் நடந்து போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள். இரவு சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நள்ளிரவில் பசியோடு கடை தேடினால் கிடைப்பது மேகியும் மூன்று-சேர்ந்த காப்பியும்தான்.

மெலியும் காப்பி, மெலியும் ஜூஸ் விற்கிறார்களே, தோழி ஒரே மாதத்தில் ஆறு கிலோ குறைந்தாள்?

குறைந்திருப்பார், ஆச்சரியமில்லை. இந்த மாதிரிப் பொருட்கள் பலவற்றில் சிபுட்ராமின் என்கிற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2010-இல் பல நாடுகள் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. வாங்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். 'காப்பிதானே, உணவுப் பொருள், எண் தேவையில்லை' என்று விற்பவர் சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைய வாரா வாரம் போடும் ஊசி வேறு விஷயம். டாக்டர் எழுதிக்கொடுத்து, கண்காணித்துப் போடுவது. போடுகிறவர்கள் எடைப் பயிற்சியையும் புரதத்தையும் விடக் கூடாது, பசி இல்லாமல் சாப்பாடு குறையும்போது தசையும் சேர்ந்து போகும்.

தைப்பூச விரதத்தில் எடை குறையுமா?

பலருக்கு ஏறும். கறி மீன் போன இடத்தில் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், வடை, பாயாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமிசத்தை விட்டால் புரதத்துக்கு என்ன வழி என்று முதலிலேயே யோசித்து வையுங்கள், மேலே சைவக்காரர்களுக்குச் சொன்னதுதான். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பக்கத்து நேரத்தில் வையுங்கள். பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறப் போகிறவர்கள் சுமந்து நடக்கும் பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. முருகன் பார்த்துக்கொள்வார், ஆனாலும் தொடைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.

மூன்று வாரமாக எடை அசையவே இல்லை.

இடுப்பு அளவு குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், தசை ஏறிக் கொழுப்பு இறங்குகிறது. குறையவில்லை என்றால் ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுங்கள். பிள்ளை மீதம் வைத்த நகெட், அலுவலகத்துப் பிறந்தநாள் கேக், சமைக்கும்போது ருசி பார்த்தது என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் குறையும் என்பதும் உண்டு, 90 கிலோவில் போட்ட கணக்கு 80 கிலோவில் செல்லாது. தராசில் தினமும் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு நாளையும் பார்த்துப் பதறாமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

அடுத்த மாதம் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். என்ன செய்ய?

இப்போது 5 கி.மீ. நிற்காமல் ஓட முடிகிறது என்றால் முடித்துவிடலாம், நடுவில் நடந்தால் குற்றமில்லை. வாரம் ஒரு தடவை மட்டும் தூரத்தை ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள், கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். 5 கி.மீ. கூட இன்னும் வரவில்லை என்றால் பிரிவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வெயிலுக்குப் பயந்து நம் நாட்டில் ஓட்டங்களை விடியும் முன்பே தொடங்குகிறார்கள், முழு மாரத்தான் என்றால் நள்ளிரவு தாண்டியதுமே கூட. அதனால் அந்த வாரம் சீக்கிரம் தூங்கிப் பழகுங்கள். புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு இரண்டும் அன்றைக்கு வேண்டாம். முந்தின இரவு காரமான கறி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் கழிவறை வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு கிலோமீட்டர் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், விடுங்கள்.

முடித்ததும் உட்காராமல் கால் மணி நேரம் நடங்கள். திரும்பி வர வண்டி ஓட்ட வேறு ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு எழுந்து ஓடியவருக்கு நெடுஞ்சாலையில் கண் சொருகும்.